செத்த காலேஜும் சவுட்டு மண்ணும்

வெளியூரிலிருந்து சென்னைப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் முன்னாளில் இரண்டு "காலேஜு"களைப் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை. ஒன்று உயிர்க் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். மிருகக் காட்சிச் சாலைக்கும் எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்கும் பொது ஜனங்கள் சூட்டிய திருநாமங்கள் இவை. படித்தவர்கள் இவற்றைக் கேட்டுப் புன்னகை புரிவதுண்டு. ஆனால் ஜனங்கள் சொன்னதில் அதிகப் பிசகு இல்லை. 1851-ஆம் ஆண்டில் அந்தப் பொருட்காட்சிச் சாலை ஆரம்பமானதே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தில்தான். 1854-ல் அது எழும்பூர் பாந்தியன் தோட்டத்துக்கு வந்தது. மறு வருஷம் அதே தோட்டத்தில் மிருகங்களையும் வைத்தார்கள். ஆக, உயிர்க் காலேஜும் செத்த காலேஜும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புக்கள்.

பெயரில் இன்னொரு பொருத்தமும் உண்டு. மாண்டவர்கள் விட்டுச் சென்ற ஓடும் கல்லும் எலும்பும் உயிருள்ளவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் இடத்தைக் காலேஜ் என்னாமல் வேறு என்னவென்று சொல்வது? மேனாட்டுச் சர்வகலாசாலைகள் இதை நன்கு உணர்ந்திருந்தன. 1884-ஆம் ஆண்டில் பிட் ரிவர்ஸ் என்னும் சேனாதிபதி தாம் சேகரித்து வைத்திருந்த இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குத் தானம் செய்தார். தானத்துடன் ஒரு நிபந்தனையும் விதித்தார்: அப்பொருள்களைக் கொண்டு மானிட சாஸ்திரம் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலும் புதைபொருள், மானிட சாஸ்திரம் இரண்டுக்குமாக ஒரு காட்சிச்சாலை தோன்றியது. பண்டங்களை அடுக்கி வைத்தால் அது கிடங்கு. அவற்றைக் காட்டிப் பாடம் சொல்ல ஒருவர் இருந்தால்தான் அது கலாசாலை.

நம்முடைய சென்னைச் சர்வகலாசாலையிலும் பண்டைச் சரித்திர, புதைபொருள் ஆராய்ச்சிப் பகுதியின் பொறுப்பில் இத்தகைய காட்சிச்சாலை ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறை நாளொன்றில் அதைப் பார்த்து வரலாம் என்று அனுமதி பெற்றுக்கொண்டு புறப்பட்டோம்.

நாம் புறப்பட்ட இடம் ஒரகடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பரந்துள்ள பூமி, முப்பது ஆண்டுகளுக்குள் வேறு உலகமாக மாறிவிட்டது. ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த திருத்தலம் என்று மட்டும் ஒரு காலத்தில் அறியப்பட்ட ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் மோட்டார்கள் செய்யப்படுகின்றன. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை 2010-லும் ராயல் என்பீல்டு தொழிற்சாலை 2013-லும் தொடங்கின. ஏரிக்கரைகளுக்கு நடுவே நெல் விளைந்த இடங்களில் இப்போது விடிய விடிய விளக்கெரிகிறது. நம் சுற்றத்தார் சிலரும் அங்கே குடியேறியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், நமக்கு மருமகன் முறை, தொழிற்சாலை ஒன்றில் அச்சுக்களும் வெட்டுக் கருவிகளும் செய்யும் பகுதியில் வேலை பார்ப்பவர். அவரும் ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பெண்ணும் நம்முடன் வந்தார்கள்.

குழந்தையின் கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "அங்கே போய்த்தான் பிரிப்பேன், தாத்தா" என்று சொல்லிவிட்டாள்.

வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி வண்டலூர் சேர்ந்ததும் குழந்தையின் மனம் சிறிது தடுமாறியது. காரணம் இருக்கிறது. பழைய உயிர்க் காலேஜ் 1985-ஆம் ஆண்டு முதல் அங்கேதானே இருக்கிறது! "திரும்பும்போது பார்க்கலாம்" என்று, எல்லாப் பெரியவர்களும் சொல்லும் பொய்யை நாமும் சொல்லிக்கொண்டு மேலே சென்றோம்.

அடுத்து வந்தது பல்லாவரம். இந்த ஊரை நாம் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். இங்கே இறங்கி வணங்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு என்பதை எண்ணியதில்லை. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்னும் இளைஞர், பல்லாவரத்துப் பட்டாள மைதானத்தில் சரளைக்காக வெட்டியிருந்த ஒரு சிறு குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது தானாக உடைந்த கல் அல்ல. மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். இந்திய தேசத்தின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்தக் குழிதான் பிள்ளையார் சுழி. அதே செப்டம்பர் மாதத்தில் பூட்டும் அவருடைய சகாவான வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதிரம்பாக்கம் என்ற இடத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அக்காலத்தில் வேத காலத்துக்கு முன் இந்நாட்டில் சரித்திரமே இல்லை என்று எண்ணியவர்கள் பலர். அந்த எண்ணத்தை ஒரு சரளைக் குழி அசைத்துவிட்டது.

கடற்கரைச் சாலையில், சேப்பாக்கத்தில், செனேட் மண்டபத்தின் வண்ணக் கோபுரங்களை வியந்துகொண்டே சர்வகலாசாலைக்குள் நுழைந்தோம். காட்சிச்சாலை எழும்பூரைப் போல் விஸ்தாரமானதன்று. தங்கச் சிம்மாசனமோ வைர வாளோ காண விரும்புகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றந்தான். முக்கியமான ஐசுவரியம் பானை ஓடு.

ஆனால் இந்த ஓடுகள் சாமான்யமானவை அல்ல. 1960-களில் திருக்காம்புலியூர், அழகரை, உறையூர் முதலிய ஊர்களிலும், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காஞ்சீபுரத்திலும் சர்வகலாசாலையார் பூமியை அகழ்ந்து ஆராய்ந்தார்கள். உறையூரில் செங்கல்லால் கட்டிய தொட்டி ஒன்று வெளிப்பட்டது. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டியாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். சோழர்களின் பழைய தலைநகரத்து நெசவுக்குச் சாட்சியாக இலக்கியம் மட்டும் அல்ல, தொட்டியும் இருக்கிறது! காஞ்சியில் கூம்பு வடிவான ஜாடிகள் கிடைத்தன. ரோமாபுரி வர்த்தகர்கள் திராட்சை மது கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளைப் பார்த்து நம் குயவர்கள் செய்தவையா, அன்றி வேறு வகையா என்று அறிஞர்கள் வாதாடியதுண்டு. வாதம் எப்படி முடிந்தாலும், கடல் கடந்த பழக்கவழக்கங்களின் பக்கத்தில் காஞ்சி இருந்தது என்பது தெளிவு.

ஓட்டைக் கொண்டு காலத்தைக் கணக்கிடுவது எப்படி? அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் பொறுமையுடன் விளக்கினார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலி தேசத்து மட்பாண்டங்கள் சில வெளிப்பட்டன. அவை இன்ன காலத்தில் செய்யப்பட்டவை என்பது இத்தாலியில் முன்பே தீர்மானமானது. அவற்றுடன் வேறு வகைத் தட்டுக்களும் கிடைத்தன. உட்புறத்தில் பல் வைத்த சிறு சக்கரத்தை உருட்டிக் கோலம் பதித்த தட்டுக்கள் அவை. இத்தாலிய ஓட்டின் வயதைக் கொண்டு இவற்றின் வயதை அனுமானித்தார்கள். அதன் பின் அத்தகைய கோலத் தட்டு காஞ்சியில் எந்த மண் அடுக்கில் கிடைத்தாலும், அந்த அடுக்கின் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது. ஓர் ஊரில் கிடைத்த ஓடு மற்றோர் ஊரின் ஜாதகத்தைச் சொல்கிறது!

"ஆனால் ஒன்று" என்றார் ஆசிரியர். "ஓட்டின் மேல் விலாசம் இருக்க வேண்டும்."

இத்தகைய ஓடுகளின் உட்புறத்தில் மையால் நுண்ணிய எழுத்துக்கள் எழுதியிருப்பார்கள். எந்த ஊர், எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்பதைத் தெரிவிக்கும் எழுத்துக்கள் அவை. இதுவே ஓட்டின் விலாசம். இந்த விலாசம் அழிந்துவிட்டால் ஓடு இருந்தும் இல்லாததே.

இச்சமயத்தில் குழந்தை தன் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இருந்தது ஒரு பானை ஓடு. உள்ளங்கை அகலம், உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு, இன்னும் வழவழப்பு மாறவில்லை. ஆசிரியரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்!

"இது கருப்பு-சிவப்புப் பானை, அம்மா. பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். உட்புறத்துக்குக் காற்றுப் போகாது, அதனால் கறுக்கும். வெளிப்புறத்துக்குக் காற்றுக் கிடைக்கும், அதனால் சிவக்கும். முதுமக்கள் தாழி புதைத்த காலத்து ஜனங்கள் உபயோகித்த வகை. இதை எங்கே எடுத்தாய்?"

"எங்கள் தெருவில், ஸார். புது வீடு கட்டுவதற்கு மேடு போட மண் கொட்டியிருந்தார்கள். அந்தக் குவியலில் இருந்தது."

"மண் எங்கிருந்து வந்தது?"

குழந்தை தகப்பனாரைப் பார்த்தாள். தகப்பனார் நம்மைப் பார்த்தார். லாரியில் வந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர் ஓட்டை மெள்ளத் திருப்பிக் குழந்தையின் கையிலேயே வைத்துவிட்டார். "பத்திரமாக வைத்துக்கொள். அழகான ஓடு. ஆனால் நாம் கேட்கிற கேள்விக்கு இனி இது பதில் சொல்லாது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இவ்வாறு எத்தனை ஓடுகளைப் பார்த்திருப்பாரோ!

பிற்பகல் எழும்பூருக்குச் சென்றோம். பூட் தம் வாழ்நாளெல்லாம் தென்னாட்டில் சேகரித்த கற்கருவிகள் 1904-ஆம் ஆண்டில் இந்தப் பொருட்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கல்லையும் எந்த ஊரில் எடுத்தார் என்பதை அவர் குறித்து வைத்திருந்தார். 1912-ல் அவர் காலமான பின்னர் அந்த ஜாபிதாக்கள் அச்சாயின.

கைக்கோடரி ஒன்றின் எதிரே நம் மருமகன் நெடுநேரம் நின்றார். ஒரு நுனி கூர்மை, மறு நுனி உருண்டை, இருபுறமும் ஒத்த வளைவு. "மாமா, இதைச் செய்தவன் கைக்கு வந்தபடி தட்டவில்லை. ஒரு பக்கம் தட்டி, திருப்பிப் பார்த்து, மறு பக்கம் தட்டியிருக்கிறான். எங்கே நிறுத்த வேண்டுமென்று முதலிலேயே மனசில் வரைந்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்திருக்கிறான்" என்றார். தினந்தோறும் உருக்கை வெட்டுகிற கை, பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய கையை அடையாளம் கண்டுகொண்டது.

பதினைந்து லட்சம் என்பது வாய்க்கு வந்த கணக்கல்ல. பூட் எழுதி வைத்த விலாசத்தின் பயன் அது. 1935-ஆம் ஆண்டில் யேல், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சிக் குழுவினர் வந்தபோது, டி. டி. பாட்டர்ஸன் என்பவர் கொற்றலை ஆற்றின் படுகைகளை ஆராய்ந்தார். அவர்தான் பின்னர் கேம்பிரிட்ஜ் காட்சிச்சாலையின் பொறுப்பை ஏற்றார். அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட நம்மவரான வி. டி. கிருஷ்ணசாமி, சென்னையைச் சுற்றி வாழ்ந்த பூர்வ மனிதனைப் பற்றி 1938-ல் கட்டுரை வெளியிட்டார். கைக்கோடரி செய்யும் இந்தச் சம்பிரதாயத்துக்கே அறிஞர்கள் "மதராஸ்" பெயரை வைத்தார்கள். பிறகு 1999-ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு அம்மையாரும் அவருடைய குழுவினரும் அதிரம்பாக்கத்தில் ஒன்பது மீட்டர் ஆழம் வரையில் அகழ்ந்தார்கள். பழைய கல்லையே புதிய விஞ்ஞானத்தின் முன் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

அந்த விசாரணை ருசிகரமானது. பூமியின் மேற்பரப்பில் கிடக்கும் படிகக் கல்லின் மேல் ஆகாயத்திலிருந்து அண்டக் கதிர்கள் ஓயாமல் பாய்கின்றன. அதனால் கல்லுக்குள் இரண்டு விசேஷ வகை அணுக்கள் உண்டாகின்றன. ஒன்று அலுமினிய வகை, மற்றொன்று பெரிலிய வகை. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் புதிய அணுக்கள் தோன்றுவது நின்றுபோகிறது. பழையவை தேயத் தொடங்குகின்றன. ஒன்று வேகமாக, மற்றொன்று மெதுவாக. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் கல் புதைந்து எத்தனை காலமாயிற்று என்று சொல்லலாம். மண் அடுக்குகளில் பதிவாகியிருந்த பண்டைக் காந்தத் திசையும் இதற்குத் துணை நின்றது. 2011-ஆம் ஆண்டில் வெளியான முடிவு: அதிரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் குறைந்தபட்சம் பத்து லட்சத்து எழுபதினாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை; சராசரிக் கணக்கில் சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுகள். 2018-ல் மற்றொரு முடிவு வந்தது. கல்லை முதலில் பக்குவம் செய்து, பிறகு வேண்டிய வடிவில் ஒரே அடியில் சில்லைப் பெயர்க்கும் நுட்பமான முறை, அங்கே மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம் ஆண்டுகள் அளவில் தொடங்கிவிட்டது என்பது. இந்த முறை இந்நாட்டுக்கு மிகப் பிற்காலத்தில்தான் வந்தது என்ற கொள்கை ஆட்டங்கண்டது.

1863-ல் எழுதிய ஒரு விலாசம். நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதற்குப் பதில் கடிதம் வந்தது. ஆழத்தையும் அடுக்கையும் தொலைத்த ஒரு கல்லிடம் எந்த விஞ்ஞானியும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

மானிட சாஸ்திரப் பகுதியிலும் இதே நியாயந்தான். 1885 முதல் 1908 வரையில் எழும்பூர்ச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஜனங்களின் மண்டையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். கே. ரங்காசாரியின் துணையுடன் அவர் எழுதிய ஏழு பாகங்கள் 1909-ல் வெளிவந்தன. அவற்றில் பயனுள்ள செய்திகள் பல உண்டு. எனினும் அளக்கப்பட்டவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள என்ன விரும்பினார்கள் என்பதை அந்த அளவுகோல் கேட்கவில்லை. நம் செங்கற்பட்டுப் பிரதேசத்து இருளர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தடம் பார்த்து வளை அறிந்து பாம்பு பிடிக்கும் அவர்களுடைய வித்தை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அடங்காது. 1978-ல் வடநெம்மேலியில் அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்தைக் கொண்டுதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023-ல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. கூடையோ வலையோ பெட்டியில் இருந்தால் போதாது; அதைச் செய்தவரின் வாய்மொழியும் கூட இருக்க வேண்டும். அதுவும் விலாசந்தான்.

மாலையில் ஒரகடத்துக்குத் திரும்பினோம். எதிரே லாரிகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் மண்: ஏரிச் சவுடு, கிராவல், செம்மண். தொழிற்சாலைக்கு மேடு வேண்டும். சாலைக்கு மேடு வேண்டும். நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் மேடு வேண்டும். இதில் யாரைக் குற்றம் சொல்வது? இந்த ஆலைகளால் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன. நம் மருமகனின் குடும்பமும் அவற்றில் ஒன்று. தொழில் வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் இந்த மண் வெறும் மண் அல்ல என்பது ஐயமற நிரூபணமாகியிருக்கிறது. ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்னும் கிராமத்தில் 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தார்கள். முழங்கால் அளவைச் சற்றுத் தாண்டிய ஆழத்திலேயே கற்கருவிகள் கிடைத்தன. பண்டைக் கட்டிடச் செங்கற்களும் ரோமாபுரி ஆம்போரா ஜாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. மோட்டார் வண்டி ஏற்றுமதி செய்யும் இந்தப் பிரதேசம், கடல் கடந்த வியாபாரத்துக்கு ஒன்றும் புதிதல்ல!

இந்நாட்டின் கற்காலத்தை நமக்கு அறிவித்தது ஒரு சரளைக் குழி. அதை விழுங்கிவிடக் கூடியதும் சரளைக் குழிதான். 1863-ல் குழியின் விளிம்பில் பார்க்கத் தெரிந்த ஒருவர் நின்றார். இன்று மண்ணை வாரும் இயந்திரத்தின் அருகே யார் நிற்கிறார்கள்? ஒரு மணி நேரத்தில் அது பல நூற்றாண்டுகளை ஒன்றாகக் கலந்து லாரியில் ஏற்றிவிடும். மறுநாள் ஓடு ஒரு தெருவிலும், அதன் ஜோடி வேறொரு தெருவிலும் கிடக்கும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. புதிதாக ஓர் இடத்தைத் தோண்டு முன் அறிந்தவர் ஒருவர் ஒரு நாள் நடந்து பார்த்துவிடலாம். தோண்டும்போது தாழியோ, வட்டமாக அடுக்கிய கற்களோ தென்பட்டால், அவற்றைப் பெயர்க்காமல் கிராம அதிகாரிக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுக்கலாம். 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையலை அறிவிப்பது கடமை. பானை ஓட்டை அறிவிப்பது தேசத்துக்குச் செய்யும் மரியாதை. பூண்டியில் கற்கருவிகளுக்கென்று அரசாங்கத்தார் ஒரு காட்சிச்சாலை வைத்திருப்பது போல், இந்தத் தொழிற் பிரதேசத்துக்கும் ஒன்று வேண்டும். எத்தனையோ ஆலைகள் உள்ள இடத்தில் ஓர் அறைக்கா பஞ்சம்? சர்வகலாசாலை ஓர் ஆசிரியரை அனுப்பட்டும். வேலை மாறும் நேரத்தில் தொழிலாளிகள் வந்து, தங்களுக்கு முன் இந்தப் பூமியில் கருவி செய்தவர்களின் கைவேலையைப் பார்க்கட்டும்.

வீட்டு வாசலில் இறங்கினோம். எதிர் மனையில் ஒரு லாரி அப்போதுதான் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை உள்ளே ஓடி, நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகத் திரும்பி வந்தாள். நாம் தடுப்பதற்குள் லாரியின் அருகே சென்று, டிரைவரை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா, இது எந்த ஊர் மண்?"

அவர் முதலில் சிரித்தார். பிறகு ஓர் ஏரியின் பெயரைச் சொன்னார். குழந்தை அதை எழுதி, கீழே தேதியும் போட்டுக்கொண்டாள்.